கேப் எருமைக்கு எந்த சாலிட் குண்டு? தட்டை மூக்கா, உருண்டை மூக்கா?

அம்பத்தூர் கடைசல்:

வணக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறியதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறேன். எட்டு வருடமாக ரைபிள் கிளப்பில் .22 சுடுகிறேன். காகிதத்தைத் தவிர வேறு எதையும் சுட்டதில்லை.

என் பெரியப்பா மகன் இருபது வருடமாக ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கிறார். வருகிற ஆகஸ்டில் ஜிம்பாப்வேயின் ஜாம்பேசி பள்ளத்தாக்கில் கேப் எருமை வேட்டைக்கு அனுமதி எடுத்திருக்கிறார். "நீயும் வாடா, உனக்கும் ஒன்று சொல்லி வைக்கிறேன்" என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். துப்பாக்கி அங்கேயே வாடகைக்கு, .375 எச் அண்ட் எச் மேக்னம் அளவு, ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையால் போல்ட்டை இழுக்கும் ரைபிள். போன வாரம் அங்கிருந்து மெயில் வந்தது. முதல் தோட்டா சாஃப்ட் (உள்ளே போனதும் விரியும் குண்டு), அதற்கடுத்து மேகசினில் இருப்பதெல்லாம் சாலிட் (விரியாத குண்டு), எந்த சாலிட் வேண்டுமென்று இப்போதே சொன்னால் வாங்கி வைப்போம் என்று எழுதியிருக்கிறார்கள்.

இங்கேதான் முடிவெடுக்க முடியாமல் நிற்கிறேன். அவர்கள் அனுப்பிய பட்டியலில் ஹார்னடி டிஜிஎஸ் இருக்கிறது: உள்ளே கெட்டி ஈயம், மேலே செம்பு பூசிய உருக்கு உறை, மூக்கு தட்டை. பார்ன்ஸ் பேண்டட் சாலிட் இருக்கிறது: முழுக்கப் பித்தளை, உடம்பில் வளையம் வளையமாக வெட்டு. வுட்லீயில் இரண்டு. ஒன்று உருக்கு உறை போட்ட உருண்டை மூக்கு. இன்னொன்று முழுச் செம்பு, மூக்கில் கிண்ணம் போல ஒரு குழி. எல்லாமே 300 கிரெய்ன் எடை.

பித்தளையை நாள் முழுக்கக் கடைகிறவன் நான். எடை ஒன்றாக இருக்கும்போது உலோகத்தை ஏன் மாற்றுகிறார்கள்? காற்றைக் கிழிக்கக் கூர்மூக்குதானே வேண்டும், பிறகு எதற்கு இந்த மழுங்கல்? ஏதோ காரணம் இருந்தே ஆகவேண்டும், எனக்குப் பிடிபடவில்லை. இன்னொன்றையும் கேட்டுவிடுகிறேன். படத்தைப் பார்த்தால் இது எனக்கு அரை மணி வேலை. இதே அளவில் நானே நாலைந்து கடைந்து எடுத்துப் போனால் என்ன?

காயப்படுத்திவிட்டுத் தேடித் திரியக் கூடாது. அது ஒன்றுதான் எனக்குப் பயம். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பேரி டாக்டர்:

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கடையாதீர்கள். நம் நாட்டில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா செய்வது குற்றம், தோட்டாவின் பாகத்துக்கும் அதே சட்டம்தான். சட்டத்தை விடுங்கள், குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் உள்வரிக்குப் பித்தளை ஈயம் மாதிரி இளகிக் கொடுக்காது. அளவு நூலிழை கூடினாலும் அழுத்தம் ஏறும். அந்த வளையம் வளையமான வெட்டு இருக்கிறதே, அது அழகுக்கு இல்லை. வரிகள் கடிக்கும்போது பிதுங்கும் உலோகம் போய் உட்கார இடம் வேண்டும், அதற்குத்தான். எவ்வளவு ஆழம், எத்தனை வளையம் என்று அவர்கள் அழுத்தம் அளந்து அளந்து முடிவு செய்தது. உங்கள் கண்ணும் கையும் இங்கே போதாது.

நான் வேப்பேரி கால்நடைக் கல்லூரியில் படித்தவன். 1984 முதல் 1996 வரை ஜிம்பாப்வேயின் தென்கிழக்கில், சிரெட்சி பக்கம் வேலை பார்த்தேன். கேப் எருமை கோமாரிக் கிருமியைச் சுமந்து திரியும், அதற்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது, பக்கத்தில் மேயும் மாட்டுக்குத் தொற்றிவிடும். அதனால் எங்கள் பகுதியில் எருமை சுடப்பட்டால் மாதிரி எடுக்க என்னைக் கூப்பிடுவார்கள். நான் சுட்டவன் இல்லை, அறுத்தவன். குண்டு எங்கே நுழைந்தது, எப்படிப் போனது, எங்கே நின்றது என்று கையை விட்டுத் தடவிப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். மந்தைவெளியில் என் அலமாரியில் அந்த நோட்டு இன்னும் இருக்கிறது. இதை எழுதும்போது பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன்.

சாஃப்ட் குண்டு உள்ளே போனதும் காளானாக விரியும். காயம் அகலம், ஆழம் குறைவு. சாலிட் விரியக் கூடாது, வளையக் கூடாது, திசை மாறக் கூடாது. அதன் வேலை ஒன்றே ஒன்று, நீங்கள் நினைத்த கோட்டில் கடைசி வரை போவது. அதைச் செய்யாத சாலிட் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் எனக்கு வேண்டாம்.

எருமைக்குள் அந்தக் கோடு எங்கே உடைகிறது தெரியுமா? எல்லாரும் எலும்பைச் சொல்வார்கள். தோள் எலும்பு பெரிது, விலா எலும்புகள் பட்டை பட்டையாக அகலமாக இருக்கும், அதெல்லாம் உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரையில் குண்டை அதிகம் ஏமாற்றியது பெருவயிறு. அசைபோடும் மிருகத்தின் முதல் வயிறு அது. ஈரப்புல்லைச் சாக்கில் மிதித்து அடைத்தது போல இருக்கும். காயம்பட்ட எருமை உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும். அப்போது நெஞ்சுக்குப் போகிற வழி அந்த மூட்டைக்குள்ளேதான். சாஃப்ட் அங்கேயே நின்றுவிடும். சாலிட் தேவைப்படுவது அந்த நேரத்துக்குத்தான்.

நோட்டில் 1989 ஜூலைப் பக்கம் ஒன்று. கிழட்டுக் காளை, பின்னாலிருந்து சுட்டது. பழைய ரகக் குண்டு, உருண்டை மூக்கு, மெல்லிய உறை, உள்ளே மெத்தென்ற ஈயம். பெயர்தான் சாலிட். விலாவுக்குப் பின்னால் நுழைந்து, பெருவயிற்றுக்குள் திரும்பி, வாழைக்காய் மாதிரி வளைந்து, அடிப்பக்கம் முன்னால் வந்து நின்றிருந்தது. பின்வாயிலிருந்து ஈயம் பிதுங்கியிருந்தது. இதயத்துக்கு இன்னும் ஒரு முழத்துக்கு மேல் தூரம். அந்தக் காளை புதருக்குள் நின்று, தடம் பார்த்துப் போனவரின் தொடையைக் கிழித்தது. ஆஸ்பத்திரி 90 கிலோமீட்டர் தள்ளி. முதல் தையல் போட்டது மாட்டு டாக்டரான நான்தான். அவர் பிழைத்தார். ஆனால் அதற்குப் பிறகு அவரால் தடம் பார்க்கும் வேலைக்குப் போக முடியவில்லை. மூன்று பிள்ளைகள் அவருக்கு. ஒரு குண்டு நேராகப் போகாததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று பாருங்கள். குண்டு விஷயத்தில் நான் பிடிவாதமாகப் பேசுவது அதனால்தான்.

சரி, மூக்குக்கு வருவோம். காற்றில் குண்டை நேராக வைத்திருப்பது அதன் சுழற்சி. சதை கிட்டத்தட்டத் தண்ணீர் மாதிரி, தண்ணீர் காற்றைவிட 800 மடங்கு அடர்த்தி. அந்த அடர்த்தியில் சுழற்சி மட்டும் குண்டைக் காப்பாற்றாது. எடை பின்பக்கம் அதிகமாக இருக்கும் நீளமான சாமான் குப்புறத் திரும்பத்தான் பார்க்கும். உருண்டை மூக்கில் சதை அந்த வளைவு முழுக்க உரசிக்கொண்டு வரும். ஒரு பக்கம் எலும்பு தட்டினால் மறுபக்கமாக நெம்பிவிடும். தட்டை மூக்கு அப்படி இல்லை. முன்னால் இருப்பதை அதன் விளிம்பு வெளிப்பக்கமாகத் தெறிக்க விடுகிறது. அதனால் குண்டின் உடம்பைச் சுற்றி ஒரு வெற்றுக் குழி உண்டாகி, உடம்பில் எதுவும் படாமல் போகிறது. கொஞ்சம் சாய்ந்தால் குண்டின் தோள் அந்தக் குழியின் சுவரில் தட்டி மறுபடி நேராகிறது. உங்கள் தொழிலிலேயே இருக்கிறது இது. சாய்ந்த பரப்பில் ட்ரில் பிட் வழுக்கிக்கொண்டு போகும், அடி தட்டையான எண்ட் மில் வைத்த இடத்திலேயே கடிக்கும்.

தட்டை எவ்வளவு அகலம்? குண்டின் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு இருந்தால் நன்றாகப் போகிறது என்பதுதான் சோதித்துப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. .375க்கு விட்டம் 9.5 மில்லிமீட்டர். தட்டை 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் இருந்தால் போதும். வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். வுட்லீயின் கிண்ண மூக்கும் இதே வேலையை இன்னொரு வழியில் செய்வதுதான்.

உலோகம். ஈயத்தின் அடர்த்தி 11.3, செம்பு 8.9, பித்தளை 8.5. எடை ஒன்றாக இருந்தால் பித்தளைக் குண்டு நீளமாகும். நீளமானால் தோட்டாவுக்குள் மருந்துக்கான இடத்தைத் தின்னும், நேராக நிற்க வேகமான சுழற்சி கேட்கும். ஆனால் முழு உலோகம் என்பதால் வளையாது, பிதுங்காது, உள்ளேயிருந்து எடுத்துத் துடைத்தால், வரி பதிந்த தடம் தவிர, புதிது மாதிரி இருக்கும். ஈயம் வைத்து உருக்கு உறை போட்டது குட்டையாக, அடக்கமாக இருக்கும், குழலுக்கும் இதம். பழைய உறையோடு இதைக் குழப்பாதீர்கள். உருக்கு உறை தடிமனானது. காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால் உருக்கு.

உங்களுக்கு என் பதில் இதுதான்: வாடகை .375, பத்து நாள், எருமை என்றால் டிஜிஎஸ் சொல்லிவிடுங்கள். அதே கம்பெனியின் சாஃப்ட் டிஜிஎக்ஸ், இரண்டும் ஒரே வடிவம், அதனால் ஒரே இடத்தில் போய் விழ வாய்ப்பு அதிகம். யானை என்றால் இதையே சொல்ல மாட்டேன், முழுப் பித்தளைத் தட்டை மூக்கைத்தான் சொல்வேன்.

கீழ்ப்பாக்கம் பேரன்:

டாக்டர் சார் சொல்வதை மறுக்கவில்லை, ஆனால் உருண்டை மூக்கை இவ்வளவு தள்ளிவிட முடியாது. என் தாத்தா கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர். அவரிடம் .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் இருந்தது. 500 கிரெய்ன், நம் கணக்கில் நாலு பவுன் எடை, உருண்டை மூக்கு. அந்தக் காலத்தில் லைசென்ஸ் கொடுத்தபோது காட்டெருமை சுட்டிருக்கிறார். ஆளைக் கொன்ற ஒற்றை யானைக்கும் அவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். குண்டு திரும்பியது என்று அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. (நாம் காட்டெருமை என்பது மேற்குத் தொடர்ச்சி மலையில் இருப்பது, ஆப்பிரிக்க எருமை வேறு இனம். புதியவர்கள் குழம்ப வேண்டாம்.)

அந்த .470 பிறந்ததற்கே இந்தியாதான் காரணம் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். 1900களின் தொடக்கத்தில் .450 அளவுத் தோட்டாக்களை ஆங்கில அரசு இந்தியாவிலும் சூடானிலும் தடை செய்தது. மார்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் .450 அளவு, கலகக்காரர்கள் கையில் அவை நிறைய இருந்தன, வேட்டைத் தோட்டாவின் குண்டு அங்கே போய்ச் சேரும் என்ற பயம். அதனால் லண்டன் கம்பெனிகள் அளவைக் கொஞ்சம் மாற்றி .465, .470, .475 என்று புதிது புதிதாகச் செய்தன. நம் வெயிலில் கார்டைட் மருந்து அழுத்தம் ஏறும் என்பதால் தோட்டா உறையையும் பெரிதாக வைத்தார்கள். .470இன் உறை என் சுண்டுவிரலைவிட நீளம்.

கரமோஜோ பெல் என்ற வேட்டைக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பாலும் 7 மில்லிமீட்டர் மவுசரும் 173 கிரெய்ன் உருண்டை மூக்கு சாலிடும்தான். எல்லாம் சுடுகிறவர் கையில்தான் சார் இருக்கிறது.

வேப்பேரி டாக்டர்:

உங்கள் தாத்தாவின் துப்பாக்கிக்கும் கைக்கும் வணக்கம். .470இன் வேகம் வினாடிக்கு 2150 அடி. அந்த மிதமான வேகமும் நாலு பவுன் எடையும் சேர்ந்தால் உருண்டை மூக்கும் நேராகப் போகும், என் நோட்டிலும் அப்படி நிறைய உண்டு. பெரும்பாலான நேரம் போகும். பெரும்பாலான நேரம் என்பது எனக்குப் போதவில்லை, அவ்வளவுதான் நமக்குள் வித்தியாசம்.

பெல் விஷயத்தில் ஒன்று கவனியுங்கள். அவருடைய 173 கிரெய்ன் குண்டு பென்சில் மாதிரி ஒல்லி, நீளம். விட்டத்துக்கு எடை அதிகம், அதனால் ஆழமாகப் போனது. யானை மண்டையைப் படம் போட்டுப் போட்டுப் படித்தவர் அவர். அமைதியாக நிற்கும் யானையைத் தேர்ந்தெடுத்து மூளையில் சுட்டார். அம்பத்தூர் தம்பி வாழ்க்கையில் முதல் தடவை எருமை முன்னால் நிற்கப் போகிறார். ஜிம்பாப்வே சட்டமும் அந்தச் சின்ன அளவை இன்று அனுமதிக்காது. யானை, எருமை, நீர்யானைக்கு 9.2 மில்லிமீட்டர் விட்டம், 5300 ஜூல் ஆற்றல் குறைந்தபட்சம். .375இல் 300 கிரெய்ன் வினாடிக்கு 2500 அடி வேகத்தில் 5600 ஜூலைத் தாண்டும். வாசலுக்குள் நுழைகிறது, நிறைய மிச்சம் இல்லை. ஆற்றலில் மிச்சம் இல்லாதவர்தான் குண்டைப் பார்த்துப் பொறுக்க வேண்டும்.

இன்னொன்று, உங்கள் வீட்டில் அந்தப் பழைய இரட்டைக்குழல் இன்னும் இருந்தால் அதில் யாரும் முழுப் பித்தளை சாலிட் போட்டுவிடாதீர்கள். மெல்லிய குழல், உள்வரி வெளியே தெரியும் அளவுக்கு விரிந்துவிடும். அதற்கு ஈயம் வைத்த உறைக் குண்டுதான்.

பத்து மீட்டர்:

நானும் சென்னைதான், போட்டிகளில் சுடுகிறவள். மூன்று வருடம் முன்பு கணவருடன் நமீபியா போனேன். எருமை இல்லை, ஈலண்ட் என்ற பெரிய மான். ஆனால் ரைபிள் அதே .375, அதுவும் வாடகை. குண்டைப் பற்றி டாக்டர் ஐயா சொல்லிவிட்டார், நான் அந்த வாடகை ரைபிளைப் பற்றிச் சொல்கிறேன் அண்ணா.

போன முதல் நாள், பயணக் களைப்பு பார்க்காமல், சாஃப்டில் மூன்று, சாலிடில் மூன்று என்று 50 மீட்டரில் தனித்தனிக் காகிதத்தில் சுடுங்கள். ஒரே கம்பெனி என்றாலும் நம்பாதீர்கள். எனக்குக் கொடுத்த ரைபிளில் இரண்டுக்கும் நடுவே நாலு விரல் வித்தியாசம், 100 மீட்டரில் அது இரட்டிப்பாகும். எருமை பெரும்பாலும் 60, 70 மீட்டருக்குள் என்பார்கள், அதனால் பாதகமில்லை என்று நினைக்கலாம். ஓடுகிற மிருகத்துக்கு நாலு விரலும் நம் நடுக்கமும் சேர்ந்தால் என்ன ஆகும்?

அப்புறம் மேகசினை முழுக்க நிரப்பி, வேகமாக போல்ட்டை இழுத்து இழுத்து, எல்லாத் தோட்டாவும் அறைக்குள் போகிறதா என்று பாருங்கள். அங்கிருக்கும் ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, குழல் மண்மேட்டைப் பார்த்தபடி செய்யுங்கள். தட்டை மூக்கின் ஒரே குறை இதுதான். உருண்டை மூக்கு வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், தட்டையின் விளிம்பு சில ரைபிள்களில் வாசலில் முட்டி நிற்கும். எனக்கு மூன்றாவது தோட்டா முட்டியது. வாடகைக்குக் கொடுத்தவர் "எப்போதும் இப்படி ஆகாதே" என்றார். நான் வேறு ரைபிள் கேட்டு வாங்கிக்கொண்டேன், கூச்சப்படவில்லை. நீங்களும் படாதீர்கள். முட்டுகிறது என்றால் ஒன்று ரைபிளை மாற்றுங்கள், இல்லையென்றால் மூக்கை மாற்றுங்கள். உள்ளே போகாத தட்டை மூக்கைவிட உள்ளே போகிற உருண்டை மூக்கு ஆயிரம் மடங்கு மேல்.

சுடச் சுட அதிர்ச்சியில் மேகசினில் மிச்சமிருக்கும் தோட்டாக்களின் குண்டு உறைக்குள் பின்வாங்குகிறதா என்பதையும் பாருங்கள். மூன்று சுட்டதும் நாலாவதை வெளியே எடுத்து, சுடாத ஒன்றின் பக்கத்தில் நிறுத்தினால் தெரிந்துவிடும்.

அதிர்வுக்கு உடம்பைப் பழக்க இங்கே வழியில்லை. ஆனால் மூன்று கால் குச்சியில் ரைபிளைத் தாங்கி நின்று சுடுவதை .22 வைத்தே பழகலாம். மூங்கில் குச்சி மூன்று, மேலே சைக்கிள் டியூப் சுற்றிக் கட்டினால் போதும். ஆகஸ்ட் வரை தினமும் காலையில் இருபது தடவை நின்று, குறி பார்த்து, தோட்டா இல்லாமல் வெறும் விசையை மட்டும் இழுங்கள். நான் மொட்டை மாடியில் அப்படித்தான் செய்தேன்.

வேளச்சேரி வாசி:

எல்லாரும் இவ்வளவு நிதானமாகப் பேசுகிறீர்கள், மரியாதை உண்டு. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு உயிரை இவ்வளவு தூரம் பறந்து போய்க் கொல்வது எதற்கு? நம் நாட்டில் 1972லேயே இதை நிறுத்திவிட்டோமே.

வேப்பேரி டாக்டர்:

நியாயமான கேள்வி. இங்கே நிறுத்தியது சரி, அது அப்படியே இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1972க்கும் முன்னோடி நம் ஊர்தான். காட்டு யானையைச் சுடக் கூடாது என்று சென்னை மாகாணம் 1873லேயே தனிச் சட்டம் போட்டது. இந்தியாவின் வேறு மாகாணங்களுக்கு அப்படி ஒரு சட்டம் வந்தது 1879இல்.

ஜிம்பாப்வேயில் கணக்கு வேறு. அங்கே காட்டோரக் கிராமத்துக்குச் சோளக்கொல்லைதான் சோறு, யானையும் எருமையும் அதில்தான் இறங்கும். 1989இல் கேம்ப்ஃபயர் என்று ஒரு திட்டம் வந்தது. எத்தனை மிருகம் என்று அளவு வைத்து, வெளியாள் கட்டும் பணத்தில் ஒரு பங்கு அந்த வட்டாரத்துக்கும் கிராமத்துக்கும் போகும். கறி ஊருக்கு. பணம் சில இடங்களில் ஒழுங்காகச் சேர்ந்தது, சில இடங்களில் சேரவில்லை, இரண்டையும் பார்த்தேன். ஆனால் எருமை உயிரோடு இருப்பதால் ஊருக்கு வருமானம் என்று தெரிந்த இடத்தில் கண்ணி வைப்பது குறைந்ததையும் பார்த்தேன். கம்பிக் கண்ணியில் காலை அறுத்துக்கொண்டு எட்டு நாள் நின்று செத்த எருமையை அறுத்தவன் நான். அதோடு ஒப்பிட்டால் ஒழுங்காகப் போட்ட ஒரு குண்டு கொடுமை இல்லை. உங்களுக்கு இது சமாதானம் ஆகாமல் போகலாம். அதையும் மதிக்கிறேன்.

அம்பத்தூர் கடைசல்:

எல்லாருக்கும் நன்றி. பத்து மீட்டர் தங்கச்சி சொன்ன மூங்கில் குச்சி நேற்றே கட்டியாகிவிட்டது.

டாக்டர் ஐயா, எண்ட் மில் உதாரணத்தில்தான் எனக்கு முழுக்க விளங்கியது. கடைகிற யோசனையை விட்டுவிட்டேன். டிஜிஎக்ஸ் ஒரு பெட்டி, டிஜிஎஸ் ஒரு பெட்டி என்று மெயில் போட்டேன். இருபது இருபது தோட்டா. போதுமா?

இன்னொன்று. என் அண்ணன் யானைக்கும் விசாரித்து வைத்திருக்கிறாராம், அதே .375இல். உங்கள் பதிலில் யானைக்கு மட்டும் பித்தளை என்று பிரித்துச் சொன்னீர்கள். ஏன் என்று அவருக்குச் சொல்ல வேண்டும். முதல் குண்டை சாஃப்ட் என்று அவர்கள் சொல்வதும் எனக்குப் புரியவில்லை. சாலிட்தான் ஆழமாகப் போகும் என்றால் முதலிலேயே அதைப் போட்டால் என்ன?

வேப்பேரி டாக்டர்:

முதல் குண்டு பற்றி: எருமை கூட்டமாக நிற்கும். சாலிட் ஒன்றுக்குள் புகுந்து வெளியே வந்து அடுத்ததையும் துளைக்கும். 1992இல் ஒரு காளையை அறுத்து மாதிரி எடுத்துவிட்டு வந்தேன். இரண்டு நாள் கழித்து அதே இடத்துக்குப் பக்கத்தில் கழுகு சுற்றுகிறது என்று கூப்பிட்டார்கள். சினைப் பசு. காளைக்குள் புகுந்து வெளியே வந்த அதே சாலிட் அதன் ஈரலில் இருந்தது. சுட்டவருக்கு அங்கே ஒரு பசு நின்றதே தெரியாது. அதனால் கூட்டத்தில் முதல் குண்டு சாஃப்ட். பின்னால் எதுவும் இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் சாலிட். தனியாகத் திரியும் கிழட்டுக் காளை என்றால் முதலிலேயே சாலிட் போடுகிறவர்களும் உண்டு, அதை உங்கள் வழிகாட்டி சொல்லட்டும்.

யானைக்கு: ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள், வெள்ளிக்கிழமை விடுமுறை. விலங்கியல் பகுதியில் யானை எலும்புக்கூடு நிற்கிறது. நெற்றியைப் பாருங்கள். இவ்வளவு பெரிய மண்டையில் மூளை எங்கேயோ பின்னால், கீழே, காதுகளுக்கு நடுவே இருக்கிறது. நெற்றிக்கும் மூளைக்கும் நடுவே இருப்பது கெட்டி எலும்பு இல்லை, தேன்கூடு மாதிரி அறை அறையாகப் பிரிந்த எலும்பு. மாணவனாக இருந்தபோது ஒன்றை ரம்பத்தால் அறுத்துப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அறைச் சுவரும் ஒவ்வொரு கோணத்தில் இருக்கும். குண்டு ஒவ்வொன்றிலும் ஒரு சின்னத் தள்ளு வாங்கிக்கொண்டே போகும். அங்கே வளைகிற குண்டு மூளைக்கு மேலேயோ பக்கத்திலேயோ போய்விடும். சாஃப்ட் அந்தத் தூரத்தை முடிக்கவே முடிக்காது. அதனால்தான் யானைக்கு முழு உலோகம், தட்டை மூக்கு, முதலிலிருந்து கடைசி வரை சாலிட். .375 சட்டப்படி செல்லும். என் தம்பியாக இருந்தால் அதைவிடப் பெரிய .416 எடுக்கச் சொல்வேன், 400 கிரெய்ன், மூன்றேகால் பவுன்.

தோட்டா எண்ணிக்கை: சாஃப்ட் இருபது சரி. சாலிட் நாற்பது சொல்லுங்கள். குறி பார்க்க ஆறு, மேகசின் சோதனைக்கு எட்டு பத்து போய்விடும், மிச்சம் இருந்தால் அவர்களே திரும்ப எடுத்துக்கொள்வார்கள். சாலிட் இரண்டு பெட்டியும் ஒரே லாட் எண்ணா, அதாவது ஒரே தொகுதியில் தயாரானதா என்று கேளுங்கள். தட்டையை அளக்க வெர்னியரையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அம்பத்தூர் கடைசல்:

நேற்று அண்ணன் மகளையும் கூட்டிக்கொண்டு எழும்பூர் போய் வந்தேன் ஐயா. அந்த எலும்புக்கூட்டின் முன்னால் ரொம்ப நேரம் நின்றோம். நெற்றியைப் படம் எடுத்து, நீங்கள் எழுதியதையும் சேர்த்து அண்ணனுக்கு அனுப்பினேன். இரவு போன் செய்தார். யானை வேண்டாம், எருமை மட்டும் போதும் என்று சொல்லிவிட்டார். சாலிட் நாற்பது என்று மாற்றி மெயில் போட்டுவிட்டேன், லாட் எண் கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.